பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம் என்பார்கள், நம்பாதீர்கள் (எனக்கு 9,500 ரூபாய் போச்சு)

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 9,500 ரூபாய். பழைய தமிழ் ஃபைலை மாற்றித் தருவதாகச் சொன்ன மதுரை டிடிபி கடை ஒன்றில் கொடுத்து ஏமாந்தேன்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த தாலாட்டு, ஒப்பாரிப் பாட்டுகளை 2003-இல் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார், 212 பக்கம். அதைக் காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் போட்டால் தமிழே வராது. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அதற்குத் தமிழ் உருவம் கொடுப்பது பாமினி. நாம் 'அம்மா' என்று படிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத போனில் அந்த ஐந்தும் அப்படியே வந்து நிற்கும். அதனால்தான் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றக் கொடுத்தேன்.

"ஒரு பக்கம் செஞ்சு காட்டுறேன் சார், பிடிச்சிருந்தா பணம் கொடுங்க" என்றார் கடைக்காரர். மறுநாள் போனுக்கே அனுப்பினார், முதல் தாலாட்டு. அப்பா அதை விரலால் பெரிதாக்கி, கண்ணாடி போடாமல், ராகத்தோடு பாடியே காட்டினார். அதற்கு மேல் நான் என்ன யோசிப்பேன்? 5,000 முன்பணம், பென் டிரைவ் வாங்கிய அன்று மீதி 4,500, இரண்டும் ஜிபேயில், திறந்துகூடப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து திறந்தால் 'கொண்டு' என்ற இடத்தில் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தோடு தனியாகக் கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் 'காண்டு'. பழைய எழுத்துருவில் கொம்பை அடித்த பிறகுதான் 'க' அடிப்போம், யூனிகோடில் 'க' முன்னால் வர வேண்டும், அந்த வரிசையைக்கூட மாற்றவில்லை. வரி முறிவையெல்லாம் அழித்துவிட்டதால் ஒப்பாரி முழுக்க ஒரே பத்தியாக ஓடுகிறது, எந்த அடி எங்கே முடிகிறது என்று அப்பாவைக் கேட்டால்தான் தெரியும்.

அப்புறம்தான் மாதிரிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். மூலத்தில் 'தொட்டில்' என்பது 'தொட்டல்' என்று தப்பாக அடித்திருக்கிறது. மாதிரியில் சரியாக 'தொட்டில்'. மாற்றித் தரும் மென்பொருள் எங்கேயாவது எழுத்துப் பிழையைத் திருத்துமா? அந்த ஒரு பக்கத்தைக் கையால் அடித்திருக்கிறார்கள்!

போன் செய்தால் "உங்க கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் இல்ல சார்". அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே யூனிகோடு? அடுத்த தடவை "வேலை பார்த்த பையன் லீவு". அதற்கப்புறம் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனேன். திருத்த வேண்டுமானால் பக்கத்துக்கு 30 ரூபாயாம், அதாவது இன்னொரு 6,360! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலை முடிஞ்சு டெலிவரி ஆயிடுச்சே சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் போடத் திரும்பிவிட்டார்.

பாமினியை மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்திலேயே இருக்கின்றன. நேற்று வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரைத் திறந்து இரண்டு பக்கம் எடுத்து ஒட்டினேன், கொம்பெல்லாம் ஒழுங்காக வந்தது. இதற்குத்தான் 9,500 ரூபாய்.

யாராவது கொடுப்பதாக இருந்தால், மாதிரிப் பக்கத்தை நீங்களே நடுவிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள், கடைக்காரர் விருப்பத்துக்கு விடாதீர்கள். கடையிலேயே நாலைந்து பக்கம் திறந்து பார்க்காமல் மீதியைக் கொடுக்காதீர்கள். மூல ஃபைலைக் கையை விட்டுவிடாதீர்கள், நகல் மட்டும். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் அப்பா கூப்பிடுகிறார், பாட்டெல்லாம் போனில் வந்துவிட்டதா என்று காலையிலிருந்து மூன்றாவது தடவை.