உப்சாலா மோதல் தரவுத்தளம்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

முதுகலை அரசறிவியல் மாணவர்களுக்குப் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்தும் எனக்கு, கடந்த எட்டு ஆண்டுகளாக மிக அதிகமாகக் கைகொடுத்த இணையச் சேவை, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் நடத்தும் உப்சாலா மோதல் தரவுத் திட்டம்தான். யூசிடிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்தளத்தில் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உலகின் எந்தப் பகுதியில் எந்தத் தரப்புகள் மோதின, எத்தனை பேர் இறந்தனர் என்பதை வரைபடத்தில் பார்க்கலாம்; முழுத் தரவையும் எக்செல் கோப்பாகத் தரவிறக்கலாம்.

இச்சேவையைப் பற்றிப் பேசும்போது பீட்டர் வாலன்ஸ்டீனைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1920 முதல் 1968 வரையிலான நாடுகளின் உறவுகளையும் போர்களையும் ஆராய்ந்து 1973-ல் ஆய்வேடு அளித்த இவர், 1971-ல் தொடங்கப்பட்ட உப்சாலாவின் அமைதி மற்றும் மோதல் ஆய்வுத் துறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். 1985 முதல் 2012 வரை அவர் வகித்த பேராசிரியர் பதவி டாக் ஹாமர்ஷோல்டின் பெயரைத் தாங்கியது. உப்சாலாவில் வளர்ந்து, ஐ.நா. பொதுச் செயலாளராகி, 1961 செப்டம்பரில் காங்கோ நெருக்கடியைத் தீர்க்கச் சென்ற வழியில், இன்றைய ஜாம்பியாவிலுள்ள இண்டோலா அருகே விமான விபத்தில் இறந்தவர் ஹாமர்ஷோல்ட். பொருளாதாரத் தடைகள் எப்போது பலன் தருகின்றன, அமைதி ஒப்பந்தங்கள் ஏன் நிலைக்கின்றன அல்லது முறிகின்றன என்ற கேள்விகளிலேயே வாலன்ஸ்டீனின் பணி நெடுக நடந்தது. அதற்கெல்லாம் அடிப்படையாக, எதைப் போர் என்று எண்ணுவது என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டியிருந்தது. 1970-களிலிருந்து சேகரிக்கப்பட்டுவரும் இத்தரவு அந்தத் தேவையில் பிறந்ததே. ஓர் ஆய்வாளர் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வரையறைகளுக்கும் எண்ணிக்கைக்கும் கொடுப்பதை வறண்ட வேலை என்று சிலர் நினைக்கலாம்; இத்தளத்தைப் பயன்படுத்திய பின் நான் அப்படி நினைக்கவில்லை.

வரையறை இதுதான்: ஆட்சிக்காகவோ நிலப்பரப்புக்காகவோ இரு தரப்புகள் ஆயுதமேந்தி மோத வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஓர் அரசாக இருக்க வேண்டும், ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேராவது அம்மோதலில் இறந்திருக்க வேண்டும். ஆயிரத்தை எட்டினால் அது போர். அரசு சம்பந்தப்படாத குழுக்களுக்கிடையிலான மோதலும், ஆயுதமற்ற மக்கள்மீது அரசோ குழுவோ நடத்தும் ஒருதலை வன்முறையும் தனித்தனி வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இலங்கைப் பக்கத்தைத் திறந்தால், ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி ஆட்சிக்கான மோதலாகவும், ஈழப் போர் நிலப்பரப்புக்கான மோதலாகவும் வேறு வேறாகப் பதிவாகியிருப்பதைக் காணலாம். ஒரே நாட்டின் வன்முறையை ஒரே கதையாகப் படித்துப் பழகிய மாணவர்களுக்கு இந்தப் பிரிவினை ஒன்றே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது.

தளத்தின் உண்மையான செல்வம், 1989 முதலான நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும் கோப்பில் இருக்கிறது. ஒரு வரி என்பது ஒரு நிகழ்வு. இறந்தோர் எண்ணிக்கைக்குக் குறைந்த மதிப்பீடு, சிறந்த மதிப்பீடு, உயர்ந்த மதிப்பீடு என மூன்று கட்டங்கள் உள்ளன. இரு தரப்பிலும் இறந்தவர்கள், பொதுமக்கள் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்க, யாரென்று தெரியாதவர்களுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. நிகழ்வு நடந்த இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்கு 1 முதல் 7 வரையிலும், நாள் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதற்கு 1 முதல் 5 வரையிலும் குறியீடு தரப்பட்டிருக்கிறது. அறிந்ததன் அளவை இவ்வாறு எண்ணாலேயே ஒப்புக்கொள்ளும் நேர்மையை வேறு எந்தத் தரவிலும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தமிழ்நாட்டிலுள்ள இலங்கை ஏதிலியர் முகாமொன்றில் வளர்ந்த என் மாணவி ஒருவர், 2009-ஆம் ஆண்டின் வன்னிப் பதிவுகளை வரிவரியாகப் படித்துவிட்டு, “சார், எங்க சித்தப்பா இதுல எந்தக் கட்டத்துல வருவாரு?” என்று கேட்டார். அந்தச் சித்தப்பா பதிவுக்குள்ளேயே வராமல் போயிருக்கலாம் என்பதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. இத்தளத்தின் மிகப் பெரிய குறையும் அதுவே. பதிவுகள் பெரும்பாலும் செய்தி நிறுவனங்களின் அறிக்கைகளையும் மனித உரிமை அமைப்புகளின் ஆவணங்களையும் நம்பி உருவாகின்றன. செய்தியாளர்களை உள்ளே விடாத போர்க்களத்தில் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்துவிடும். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல், இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. அத்தகைய மொத்த மதிப்பீடும், நாள், இடம், தரப்பு ஆகியவற்றோடு தனித்தனியாகப் பதிவான நிகழ்வுகளின் கூட்டுத்தொகையும் வேறு வேறு வகை அறிவு; ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பொய்யென்று வாதிடுவோரிடம் மாணவர்கள் ஏமாறாதிருக்க ஆசிரியர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

25 என்ற எல்லையிலும் கவனம் தேவை. 24 பேர் இறந்த ஆண்டு, ஆண்டுப் பட்டியலில் மோதலற்ற ஆண்டாகத் தோன்றும். ஆயினும் மோதும் இரு தரப்புகள் ஏதேனும் ஓர் ஆண்டில் எல்லையைக் கடந்திருந்தால், அமைதியாகத் தெரியும் ஆண்டுகளில் அவற்றுக்கிடையே நடந்தவையும் நிகழ்வுக் கோப்பில் இடம்பெறும். ஆகவே ஆண்டுப் பட்டியலை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

போராட்டங்கள், கலவரங்கள், உயிரிழப்பில்லாத சம்பவங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோருக்கு ஆக்லெட் (ACLED) என்ற மற்றொரு மோதல் தரவுத் தளம் பொருத்தமானது. நீண்ட காலப் போக்கை ஆராய்வதற்கோ, 1946-லிருந்து ஒப்பிடத்தக்க ஆண்டுப் பட்டியலைத் தரும் யூசிடிபியே எனக்கு நம்பகமாகப்படுகிறது. 2024-ல் அரசு சம்பந்தப்பட்ட மோதல்கள் 61 என்றும், 1946-க்குப் பின் ஓர் ஆண்டில் பதிவானவற்றில் இதுவே மிக அதிகம் என்றும் செய்திகள் வந்தபோது, அந்த எண் எந்த வரையறையிலிருந்து வந்தது என்பதை என் மாணவர்கள் தாமாகவே வகுப்பில் விளக்கினார்கள்.

கைப்பேசியில் வரைபடம் வசதியாக இல்லை, கணினி வேண்டும். விளக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால், தமிழ்வழி படித்துவந்த மாணவர்கள் முதல் இரண்டு வாரங்கள் திணறுகிறார்கள். தரவுக் கோப்போடு கிடைக்கும் விளக்கக் கையேட்டின் முக்கியப் பகுதிகளை அவர்களுக்காகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஆசிரியர்களும் தத்தம் வகுப்புக்கு அவ்வாறு செய்துகொள்ளலாம். புதிதாகத் தொடங்குவோர் நிகழ்வுக் கோப்பைத் திறப்பதற்கு முன் அக்கையேட்டில் துல்லியக் குறியீடுகள் பற்றிய பகுதியை முழுமையாகப் படித்துவிட வேண்டும்.