மணிக்கயிறு பிடிக்க ஒரு சுற்றுலா

பழைய தேவாலய மணிகளைப் பார்க்க, கிருஷ்ணகிரியிலிருந்து மே மாத சனி, ஞாயிறுகளில் ஒரு குழு வேன் விடுகிறது. எலத்தகிரி, கோவிலூர், மறுநாள் பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை திருத்தலம் என்று வழி. நானும் வீட்டுக்காரியும் போனோம்.

கூட வந்த, தேவாலயத்தில் மறைக்கல்வி சொல்லித்தந்து ஓய்வுபெற்ற உபதேசியார்தான் இதன் பெரிய பலம். காலை, நண்பகல், மாலை மூவேளை செப மணிக்கும் சாவு மணிக்கும் கயிற்றை இழுக்கும் நிதானமே வேறு என்று இழுத்தே காட்டினார். இங்கிலாந்து முறையையும் அவர்தான் சொன்னார். அங்கே மணி முழுச் சக்கரத்தில் கட்டப்பட்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். ஆளுக்கொரு கயிறு. பாட்டு எதுவும் வாசிப்பதில்லை, மணிகளின் வரிசையைத்தான் மாற்றிக்கொண்டே போவார்கள். ஆறு மணிகள் இருந்தால் 720 வரிசை, ஏழு இருந்தால் 5040. அந்த 5040-ஐ அடித்து முடிக்கச் சுமார் மூன்று மணி நேரமாம். கேட்டதும் என் தோள் வலித்தது!

நம் பக்கம் ஒரே மணி போதும், ஊரே எழுந்துவிடும்.

குறை? வேனில் ஏசி பெயருக்குத்தான். தர்மபுரியில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, ரசம் மட்டும் தேவலை. திருப்பலி (பூசை) நேரம் பார்க்காமல் போனதால் ஓரிடத்தில் வெளியிலேயே காத்திருந்தோம்.

காசுக்கு மோசமில்லை. மூட்டுவலிக்காரர்கள் கோபுரப் படி ஏற வேண்டாம், கீழிருந்தும் கயிறு இழுக்கலாம். தொப்பியும் தண்ணீரும் நீங்களே எடுத்துப் போங்கள்.