மனநல நர்சிங் படிக்க எந்த வழி? கோத்தகிரியிலிருந்து ஓர் அலசல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அக்கா பொண்ணு கேட்டாள்: "சித்தி, மனநல நர்சிங்னே தனியா டிகிரி இருக்காமே, நேரா அதுல சேர முடியாதா?"

சேரலாம், பிரிட்டன் போனால். அங்கே நர்சிங் படிப்பே பெரியவர்கள், குழந்தைகள், கற்றல் குறைபாடு, மனநலம் என்று நான்கு பிரிவு. மனநலத்தை எடுத்தால் பெரும்பாலும் மூன்று வருடம். பாதி நேரம் களத்தில்தான், குறைந்தது 2,300 மணி நேரம். மனம் சரியில்லாதவரோடு உட்கார்ந்து பேசுவதைப் பாடமாகவே பழகலாம். இங்கே பி.எஸ்சி. நர்சிங்கில் மனநலம் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் வருகிறது. போஸ்டிங், அதாவது வார்டில் நேரடிப் பயிற்சி, சில வாரங்கள். பயத்தில் முதல் வாரம் போய்விடும், நோயாளியின் பெயர் மனதில் பதிவதற்குள் அடுத்த வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். அந்த விஷயத்தில் பிரிட்டன் படிப்புதான் மேல்.

ஆனால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் எங்களைப் போன்ற வீட்டுக்குத் தேயிலைக் காட்டை விற்கிற சமாச்சாரம். ஊர் திரும்பினால் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரத்துக்குத் தனியாக அலைய வேண்டும். பணத்தைத் தள்ளிவைத்தாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதைச் சொல்ல ஒரு நைட் டூட்டியைச் சொல்லியாக வேண்டும்.

இலை மூட்டையோடு சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட ஒருவர் எலும்பு வார்டில் இருந்தார். மூன்றாவது ராத்திரி போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டார். "எறும்பு, எறும்பு" என்றார். போர்வையில் ஒன்றுமில்லை. காத்து கருப்பு என்று அவர் மனைவி திருநீறு பூசிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தேன்: நடுக்கம், சட்டை நனைய வியர்வை, நாடி 130.

"அண்ணன் கடைசியா எப்பக்கா குடிச்சாரு?"

"விழுந்த அன்னைக்குக் காலையில, சிஸ்டர்."

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வருகிற குழப்பம் அது. கவனிக்காவிட்டால் உயிரையே எடுக்கும். டாக்டரை எழுப்பினேன். நடுக்கத்தை அடக்கும் லோராசிபாம் மருந்து போனது, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி.

நாடியைப் பார்க்கச் சொன்னது நான் படித்த மூன்று வருட ஜி.என்.எம்., அதாவது பொது நர்சிங், மகப்பேறுப் படிப்பு. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது, பிறகு படித்த ஒரு வருட மனநல டிப்ளமோ. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எறும்பு எறும்பாகவே இருந்திருக்கும். மலையில் மனநோய் தனி வார்டு தேடி வருவதில்லை. எலும்பு முறிவாக, பூச்சிமருந்து குடித்த கேஸாக, பிரசவ வார்டில் குழந்தையைத் தொட மறுக்கிற தாயாக வரும். அதனால் உடம்பை முதலில் படி, மனதைப் பிறகு படி என்கிற நம்மூர் வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

அந்த வரிசையிலும் இரண்டு கிளை. பி.எஸ்சி. நான்கு வருடம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஒரு வருட வேலை அனுபவத்துக்குப் பின் எம்.எஸ்சி. மனநல நர்சிங் இரண்டு வருடம். இன்னொன்று, பி.எஸ்சி.யோ ஜி.என்.எம்.மோ முடித்து, ஒரு வருடம் வேலை பார்த்து, ஒரு வருட டிப்ளமோ. எம்.எஸ்சி. முடித்த என் தோழிகள் பெரும்பாலும் கரும்பலகை முன்னால் நிற்கிறார்கள். உதவிப் பேராசிரியர் பதவிக்கு அது வேண்டும், சம்பளமும் நேரமும் ஒழுங்கு. டிப்ளமோ எங்களை வார்டிலேயே வைத்திருக்கிறது. ஆராய்ச்சியில் ஆசை இருந்தால் எம்.எஸ்சி., நோயாளி பக்கத்தில் இருக்க ஆசை என்றால் டிப்ளமோ. சட்டத்தைப் பார்த்தால் இதெல்லாம் தேவையே இல்லை: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பொது நர்சிங் முடித்துப் பதிவு செய்தவரையும் மனநல நர்ஸ் என்றே சொல்கிறது! அந்த ஒற்றை வரியை நம்பி வார்டுக்குள் போகாதே என்றேன்.

சைக்காலஜி டிகிரி பற்றியும் கேட்டாள். அதோடு நிறுத்தினால் சிகிச்சை தர முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவாகும் மேல்படிப்பு வரை போக வேண்டும். அதுவரை வீட்டில் யார் சோறு போடுவது என்பதுதான் அங்கே கேள்வி.

எதில் சேர்ந்தாலும் போஸ்டிங் எங்கே என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 1794-இல் தொடங்கிய சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஒரு உலகம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையம் வேறு உலகம். அங்கே நோயாளியோடு குடும்பமும் தங்கும். பெங்களூரு நிமான்ஸ் என்கிற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் நமக்கு மைசூர் வழியாக ஒரு பகல் பயணம்தான்.

அவள் பி.எஸ்சி. கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். கோவையில் இடம் கிடைக்கும் என்று நம்புகிறோம். மேட்டுப்பாளையம் இறங்குகிற 33 கிலோமீட்டரில் அவளுக்கு எப்போதும் வாந்தி வரும். "நாலு வருஷம் எலுமிச்சம்பழம் வாங்கியே அழியணும் போல" என்கிறாள் அக்கா.