பிளவர்ஹோர்ன்: மண்டையைப் பார்த்து வாங்காதீர்கள்

பிளவர்ஹோர்ன் என்ற தொட்டி மீனை வளர்க்க ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான், அதன் நெற்றியில் புடைத்து நிற்கிற மண்டை பெருக்க என்ன சாப்பாடு போட வேண்டும் என்று. என்னுடையது மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதி வீட்டு ஹோலில் நான்கு அடித் தொட்டியில் தனியாக இருக்கிறது. குஞ்சாக வந்தது, இப்போது ஒரு அடிக்குக் கிட்ட வளர்ந்துவிட்டது, மண்டை சுமார்தான். இத்தனை வருசம் வைத்திருந்த பிறகு என் கருத்து, மண்டை பெரும்பாலும் பரம்பரையில் வருகிற விசயம், சாப்பாடும் தண்ணீரும் உள்ளதைக் காப்பாற்றும், இல்லாததைக் கொண்டுவராது. அதற்காக மட்டும் இரண்டு மூன்று மடங்கு சல்லி கொடுக்க வேண்டாம்.

இது எந்த ஆற்றிலும் இயற்கையாக இருந்த மீன் இல்லை. மத்திய அமெரிக்காவின் சிக்லிட் என்கிற சண்டைக்கார மீன்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கினார்கள், பிறகு தாய்லாந்தில் இன்னும் பல வகை வந்தது. நம் உன்னிச்சைக் குளத்திலும் நவகிரியிலும் வலையில் படுகிற திலாப்பியாவும் இதே சிக்லிட் குடும்பம்தான், ஆகவே முரட்டுக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை. கலப்பு மீன் என்பதால் ஒரே சோடி போட்ட முட்டையில் பிறந்த குஞ்சுகளே ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒன்றுக்கு மண்டை வரும், ஒன்றுக்கு முத்துப் புள்ளி வரும், மிச்சம் சாம்பல் நிறத்தில் சும்மா கிடக்கும். இரண்டு அங்குலக் குஞ்சைக் காட்டி "இது கட்டாயம் பெரிய மண்டை" என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த தொட்டியைப் பாருங்கள்.

சரி, எதைப் பார்த்து எடுப்பது? விரலைக் கண்ணாடியில் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பின்னாலேயே வருகிற குஞ்சை எடுங்கள், மூலையில் போய் ஒதுங்குகிறதை விடுங்கள். கண் தெளிவாக இருக்க வேண்டும், வாய் ஒழுங்காக மூட வேண்டும், முதுகு வளையக்கூடாது, வயிறு உள்ளே ஒட்டியிருக்கக்கூடாது. கழிவு வெள்ளை நூல்போல் தொங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அப்புறம் வெளிச்சம். கடைகளில் ரோஸ் நிற பல்ப் போட்டிருப்பார்கள், அதன் கீழே எந்த மீனும் சிவப்புத்தான். சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் ஒருதரம் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் அதுவே பதில். வயசுக்கு மீறிய நிறத்தோடு இருக்கிற குஞ்சிலும் கவனம் வேண்டும், ஹோர்மோன் கொடுத்து நிறம் ஏற்றுவது இந்த வியாபாரத்தில் உள்ளதுதான், வீட்டுக்கு வந்து சில மாதத்தில் வெளுத்துவிடும்.

கம்பா, சென் சூ, தாய் சில்க் என்று பெயர்கள் நிறைய. முத்துப் புள்ளியும் சிவந்த கண்ணும் பிடித்தால் சென் சூ, சதுரத் தாடையும் பெரிய மண்டையும் வேண்டும் என்றால் கம்பா. அதற்குமேல் பெயரில் ஒன்றும் இல்லை, ஊரில் விற்கிற பாதி மீனுக்கு எந்தப் பெயரையும் வைக்கலாம். ஆணா பெண்ணா என்று குஞ்சில் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் மச்சான் ஒருவர் களுவாஞ்சிகுடியில் ஒரு மீனை "ராசா" என்று கூப்பிட்டுச் சீராட்டி வளர்த்தார், ஒருநாள் காலையில் ராசா தொட்டியின் அடிக்கண்ணாடியில் வரிசையாக முட்டை வைத்திருந்தது. துணை இல்லாமலும் பெண் மீன் முட்டை போடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். மச்சான் பெயரை மட்டும் மாற்றவில்லை.

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 250 லீற்றர் சொச்சம், கண்ணாடியோடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல் போகும், ஆகவே பழைய ரீவி மேசையில் வைக்கிற யோசனையை விடுங்கள், நான் சீமெந்துக் கல் அடுக்கி மேலே பலகை போட்டிருக்கிறேன். உள்ளே மணல், கல், செடி ஒன்றும் இல்லை. போட்டாலும் ஒரே இரவில் கிண்டி இடம் மாற்றிவிடும், கல்லைத் தள்ளிக் கண்ணாடியை உடைத்த கதைகளும் உண்டு. மீனைவிடத் தொட்டிக்கும் பில்டருக்கும்தான் கூடச் செலவு, அதில் சுருக்கப் பார்க்காதீர்கள். பெரிய மீன், நிறையச் சாப்பிடும், நிறையக் கழிக்கும். பில்டருக்குள் கழிவை முறிக்கிற நல்ல பக்டீரியா பிடிக்கச் சில வாரம் எடுக்கும், அதற்குள் மீனை விட்டால் கழிவிலிருந்து வருகிற அமோனியா நஞ்சு ஏறி முதல் மாதமே வில்லங்கம்.

தண்ணீர் விசயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற இந்த மணல் பட்டியில், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று எங்கு பார்த்தாலும் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கடினமானது, சில வீடுகளில் லேசாக உவரும். மென்மையான தண்ணீர் கேட்கிற டிஸ்கஸ் மீன் வளர்க்கிறவர்கள் இதனால் படுகிற பாடு சொல்லி முடியாது. பிளவர்ஹோர்னின் மூதாதையர் வந்த மத்திய அமெரிக்க நீர்நிலைகள் பல கடினத் தண்ணீர்தான், ஆகவே நம் கிணற்றுத் தண்ணீர் அதற்குத் தோதானது. பீப்பாயில் ஒரு இரவு காற்று விட்டு வைத்து ஊற்றினால் போதும், கிழமைக்கு ஒருதரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து கட்டாயம் போட வேண்டும். மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள் இல்லையா, அந்த நாட்களில் கிணற்றுத் தண்ணீருக்கும் அதே மருந்துதான். இதை யோசிக்காமல் ஊற்றி மீனைப் பறிகொடுத்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

27 முதல் 30 பாகை வரை இதற்குச் சுகம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் 32ஐத் தாண்டும், சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மீன் மேலே வந்து வாய் பிளக்கும். சாப்பாட்டைக் குறைத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேலே காற்றுப் படுகிற மாதிரி சின்ன மின்விசிறி ஒன்றை வைத்தால் இரண்டு பாகையாவது இறங்கும். மார்கழி மழையில் நிலைமை தலைகீழ், வெள்ளைப் புள்ளி நோய் அப்போதுதான் வரும், ஹீட்டர் போட்டு மெதுவாக 30க்கு ஏற்றிக் கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரண்ட் போவது வேறு கதை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், அப்போதுதான் பற்றரியில் ஓடுகிற காற்று மோட்டார் எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தது. ஒற்றை மீன் பெரிய தொட்டியில் பல மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். ஆபத்து கரண்ட் வந்த பிறகு இருக்கிறது. மூடின பில்டருக்குள் நின்ற தண்ணீர் கெட்டு, பக்டீரியா செத்து, சுவிட்சைப் போட்டதும் அந்த அழுக்கு எல்லாம் நேரே தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் நின்றிருந்தால் பில்டரைத் திறந்து தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் போடுங்கள்.

சாப்பாடு, நல்ல பெல்லட் ஒன்று, இடையிடையே இறால். சிவப்பு ஏற்றுகிற பெல்லட்டுகளில் சேர்க்கிற அஸ்டாசாந்தின் இறால் ஓட்டிலேயே இருக்கிறது, நம் ஊரில் இறாலுக்கு என்ன பஞ்சம். சின்ன இறாலை உறையவைத்து ஓட்டோடு போடுகிறேன், நிறம் குறையவில்லை. உயிர் மீன் குஞ்சு போடுவதை நான் விரும்புவதில்லை, பார்க்க வீரமாக இருக்கும், கூடவே நோயும் வரும். தலையில் சின்னச் சின்னக் குழி விழ ஆரம்பித்தால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள், பிறகுதான் மெற்றோனிடசோல் மருந்து.

குணம் என்று பார்த்தால், இதுதான் காசுக்குப் பெறுமதியான பகுதி. வீட்டில் யார் சாப்பாடு போடுகிறவர் என்று அதற்குத் தெரியும், நான் ஹோலுக்குள் வந்தாலே கண்ணாடிக்கு வந்து வாலை ஆட்டும், புது ஆள் வந்தால் செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். தொட்டி கழுவக் கையை விட்டால் கடிக்கும், பல் சின்னதுதான் ஆனால் இரத்தம் வரும். வேறு மீனோடு விடவே கூடாது. இரண்டு மீனாவது வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒஸ்கார் மீனைப் பாருங்கள், அது இவ்வளவு சண்டைக்காரன் இல்லை, ஆனால் அதற்கு இன்னும் பெரிய தொட்டி வேண்டும்.

சலித்துப் போனால் வாவியில் விடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். கொழும்புப் பக்கம் பெல்லன்வில சதுப்பு நிலத்தில் அலங்கார மீனாக வந்த கத்தி மீன் இப்போது குடியேறிவிட்டது. இது அதைவிட முரடு. வளர்க்க ஆள் தேடினால் கிடைப்பார்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடமே சும்மா கொடுங்கள்.

வெளியூர்ப் பயணம் பற்றியும் கேட்கிறார்கள். வளர்ந்த மீன் ஐந்தாறு நாள் சாப்பாடு இல்லாமல் சுகமாக இருக்கும், போவதற்கு முன் தண்ணீர் மாற்றினால் போதும். வீட்டில் நிற்கிறவர்கள் இரக்கப்பட்டுப் போடுகிற சாப்பாடுதான் ஆபத்து. அது கண்ணாடிக்கு வந்து பசியில் சாகிற மாதிரி நடிக்கும், எங்கள் அம்மா "பாவம்டா, நேற்றிலிருந்து ஒண்டும் தின்னயில்ல" என்று ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவார். எத்தனை தரம் விளங்கப்படுத்தினாலும் கேட்பதாக இல்லை, அதனால் இப்போது பெல்லட் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பையும் கையோடு கொண்டு போகிறேன்.