சோலினாய்டா, பேன்கேக்கா, பைஃபிலாரா: ஒரே கம்பியில் மூன்று காயில்

ஒரே கம்பி, ஒரே 100 சுற்று. பைப் மேல் வரிசையாகச் சுற்றினால் சோலினாய்டு. தட்டையாகச் சுருட்டினால் பேன்கேக். இரண்டு இழைகளைச் சேர்த்து 50 சுற்று சுருட்டி, பிறகு அவற்றைத் தொடராக இணைத்தால் பைஃபிலார் பேன்கேக். மூன்றாவதுதான் யூடியூபில் விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவின் பெயரில் ‘டெஸ்லா ரகசியம்’ என்று விலைபோகிறது. மூன்றையும் ஒரே அளவில் சுற்றி அளந்துபார்த்தால் அதில் சரக்கு எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு வட்டாரத்தில் எனாமல் கம்பியை (மெல்லிய காப்புப் பூச்சுள்ள செம்புக்கம்பி) எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ‘வைண்டிங் ஒயர், 26 கேஜ், 150 கிராம்’ என்று கேளுங்கள்; பல கடைகளில் தமிழே போதும். மூன்று காயிலுக்கும் சேர்த்து 64 மீட்டர், அதாவது சுமார் 95 கிராம் ஆகும். மிச்சம் கைப்பிசகுக்கு. இங்கே கேஜ் (கம்பித் தடிமன் எண்) என்றால் பிரிட்டிஷ் அளவான எஸ்டபிள்யூஜி: 26 என்பது 0.457 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் வடிவமைப்புகள் பெரும்பாலும் அமெரிக்க அளவான ஏடபிள்யூஜி கணக்கில் இருக்கும். அதில் 26 என்பது 0.405 மி.மீ. இதைக் கவனிக்காவிட்டால் சுற்றின் நீளமும் இண்டக்டன்ஸும் (காயில் காந்தப்புலத்தில் ஆற்றலைத் தேக்கும் திறன்) கணக்கோடு ஒத்துப்போகாது. பழைய மோட்டாரிலிருந்து உருவிய கம்பி வேண்டவே வேண்டாம். ஒருமுறை வளைந்து நிமிர்ந்த எனாமலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும்.

சோலினாய்டுக்கு 63 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி பைப் வசதி. எனாமலோடு சேர்த்துச் சுற்றுக்கு அரை மி.மீ. வைத்தால் 100 சுற்று 5 செ.மீ. நீளம் வரும். இண்டக்டன்ஸைக் கணக்கிடும் வீலர் சூத்திரப்படி, ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, (9 × ஆரம் + 10 × நீளம்) என்பதால் வகுக்க வேண்டும். அளவுகள் அங்குலத்தில், விடை மைக்ரோஹென்றியில். இங்கே சுமார் 505 வரும். ஒழுங்காகச் சுற்றினால் இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரும் அதன் அருகிலேயே காட்டும். சுற்றுவதிலும் பெரிய வம்பு இல்லை. இரண்டு முனையிலும் பைப்பில் இரட்டைத் துளை போட்டுக் கம்பியை நுழைத்துப் பூட்டிவிட்டால் அவிழாது.

பேன்கேக்குக்கு இரண்டு அக்ரிலிக் தகடுகள், நடுவில் 2 செ.மீ. விட்டத்தில் ஒரு குமிழ், தகடுகளுக்கிடையே ஒரே ஒரு கம்பி நுழையும் இடைவெளி. இடைவெளி 0.6 மி.மீ.க்கு மேல் போனால் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். பிறகு முழுதும் கோணல்தான். உட்பக்கங்களில் கேக் சுட விரிக்கும் ஒட்டாத பேக்கிங் பேப்பர் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சுற்றுகளைப் பிடித்து நிறுத்தப் போடும் சூப்பர் க்ளூ காயிலையும் தகட்டையும் ஒன்றாக்கிவிடும். வெளிவிட்டம் 12 செ.மீ. ஆகும்போது 100 சுற்று முடியும். இண்டக்டன்ஸ் 580 மைக்ரோஹென்றி சுமார். இதன் பலவீனம் உள்முனை: அது எல்லாச் சுற்றுகளையும் குறுக்கே தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அங்கே காப்புக் குழாயான ஸ்லீவ் போடாமல் விட்டால் என்றாவது ஒருநாள் ஷார்ட்.

பைஃபிலாருக்கும் அதே தகடுகள். ஆனால் கம்பி இரண்டு ரீலிலிருந்து வரும். ஓர் இழையின் இரு முனைகளிலும் மார்க்கரால் நிறம் தீட்டி, முதல் இழையின் வெளிமுனையை இரண்டாவதின் உள்முனையோடு இணைக்க வேண்டும். இணைக்கும் முன் இரண்டு சோதனை. இழைகளுக்கிடையே மல்டிமீட்டர் பீப் அடிக்கவே கூடாது. ஓர் இழையை மட்டும் அளந்தால் சுமார் 145 மைக்ரோஹென்றி காட்ட வேண்டும். இணைத்த பிறகு 580க்கு வராமல் மீட்டர் சில மைக்ரோஹென்றியில் நின்றால், இரண்டு வெளிமுனைகளை இணைத்திருக்கிறீர்கள். புலங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன.

580 என்பதைக் கவனியுங்கள்: சாதா பேன்கேக்கின் அதே எண். டிசியில் 1 ஆம்பியர் விட்டால் இரண்டின் மையத்திலும் காந்தப்புலம் கிட்டத்தட்ட 2.2 மில்லிடெஸ்லாதான். 15 செ.மீ. தள்ளிப் போனை வைத்து அதன் காந்த சென்சாரைப் பார்த்தாலும் ஏறத்தாழ ஒரே மாற்றம்தான். பைஃபிலார் காந்தம் ‘பல மடங்கு வலுவானது’ என்ற பேச்சு அத்தோடு காலி.

அப்படியானால் டெஸ்லா எதற்குக் காப்புரிமை வாங்கினார்? 1894 ஜனவரியில் வழங்கப்பட்ட அந்த அமெரிக்கக் காப்புரிமை 512340 பேசுவது கபாசிட்டன்ஸைப் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) பற்றி. 1000 சுற்றுக் காயிலில் 100 வோல்ட் இருந்தால் பக்கத்துச் சுற்றுகளுக்கிடையே 0.1 வோல்ட்தான். இரட்டை இழையாக்கினால் அதே இடத்தில் 50 வோல்ட். வித்தியாசம் 500 மடங்கு, அதன் வர்க்கம் 2,50,000. சுற்றுகளுக்கிடையே மின்புலத்தில் தேங்கும் ஆற்றலுக்கான எண் அது. இதைத்தான் ‘இலவச மின்சாரம்’ என்று திரித்துவிட்டார்கள். தனி கண்டென்சர் போடாமலே காயிலின் சுய ஒத்ததிர்வை (காயில் தானாகவே ஒத்ததிரும் அதிர்வெண்) கீழே இறக்குவதுதான் அவர் நோக்கம். அதைக் காயில் ஒழுங்காகவே செய்கிறது: மேலே சொன்ன சோலினாய்டு 4 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் ஒத்ததிரும், பைஃபிலாரோ சில நூறு கிலோஹெர்ட்ஸிலேயே.

இதை அளப்பதில் பலர் சறுக்குகிறார்கள். சோலினாய்டின் சொந்தக் கபாசிட்டன்ஸ் 3 பிகோஃபாரட் அளவே. அதன் முனையில் 15 பிகோஃபாரட் உள்ள ஆசிலோஸ்கோப் ப்ரோபை மாட்டினால் 4 மெகாஹெர்ட்ஸ் 1.7க்கு விழும், நீங்கள் அளப்பது ப்ரோபைத்தான். பைஃபிலாருக்கு அந்த 15 ஒரு பொருட்டே இல்லை. இரண்டையும் நியாயமாக ஒப்பிட, எதையும் தொடாமல், ஒரு சுற்று லூப்பை நானோவிஎன்ஏவில் (அதிர்வெண் வாரியாக அளக்கும் சிறு கருவி) மாட்டிக் காயிலின் அருகில் பிடித்து, திரைக் கோட்டில் விழும் பள்ளத்தைத் தேடுங்கள்.

பயனில் வரும் வேறுபாட்டை ரேடியோவை வைத்தே காட்டிவிடலாம். பெங்களூரு ஆகாசவாணியின் மீடியம் வேவ் 612 கிலோஹெர்ட்ஸ். சோலினாய்டோடு சுமார் 130 பிகோஃபாரட் சேர்ந்தால் அங்கே ட்யூன் ஆகும். ரேடியோவில் திருகி ட்யூன் செய்யும் சாதாரண கேங் கண்டென்சரே போதும். 612க்குக் கீழேயே ஒத்ததிர்ந்துவிட்ட பைஃபிலார் அந்த அலைவரிசையில் கண்டென்சர்போல நடந்துகொள்ளும். எவ்வளவு திருகினாலும் ட்யூன் ஆகாது. உயர்வோல்ட் பொறி விடும் ‘டெஸ்லா காயில்’ கருவியின் செகண்டரிக்கும் (இரண்டாம் காயில்) சோலினாய்டுதான். அங்கே மேலும் கீழும் பல ஆயிரம் வோல்ட் வித்தியாசம். அந்த முனைகள் தூரத்தில் இருப்பதே பாதுகாப்பு. வயர்லெஸ் சார்ஜிங் சோதனைக்கு சாதா பேன்கேக்; முகத்துக்கு முகம் நெருங்கி நிற்பதால் இணைப்பு நன்றாக இருக்கும். பைஃபிலார் ஒத்ததிர்வைப் படிப்பதற்கான காயில். அதை ஓட்டும்போது வோல்ட்டேஜைக் குறைத்தே வையுங்கள். 10 வோல்ட் கொடுத்து க்யூ (ஒத்ததிர்வில் வோல்ட்டேஜ் பெருகும் மடங்கு) 50 ஆக இருந்தால் முனைகளில் 500 வோல்ட் எழும்பும், அதில் பாதி ஒவ்வொரு பக்கத்துச் சுற்றின் எனாமல் மேலும் விழும். சாதா பேன்கேக் பொறுத்துக்கொள்ளும் ஒரு சிறு கீறல் இங்கே காயிலையே முடித்துவிடும்.

சூட்டில் மூன்றும் ஒன்றே. சோலினாய்டின் மின்தடை 2.1 ஓம். 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 68 வாட், செம்போ வெறும் 29 கிராம்; தொடக்கத்தில் விநாடிக்கு 6 டிகிரி ஏறும், பத்துப் பதினைந்து விநாடியில் பிவிசி இளகத் தொடங்கும். சப்ளையில் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் பூட்டுங்கள். மாஸ்ஃபெட் (மின்னணு ஸ்விட்ச்) வைத்து டிசியை வெட்டுவதாக இருந்தால் காயிலுக்குக் குறுக்கே யுஎஃப் 4007 டையோடு, கோடுள்ள பக்கம் பாஸிட்டிவில்.