தெரிவுக் காணொளி: சொந்த ஆசிரியரிடம் காட்டுவதா, வெளியாரிடம் அனுப்புவதா?

வெளிநாட்டு இசைக் கல்லூரிகள் பலவும் முதல் சுற்றை நேரில் வைப்பதில்லை. காணொளி கேட்கின்றன, அதில் தேறினால்தான் அடுத்த கட்டம். கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தை எண்ணி உளச்சார்புப் பரீட்சைக்குப் பழகிய பிள்ளைக்கு இது வேறு வேலை. அங்கே பாடுபவர் எதிரே இருப்பார். இங்கே தெரிவுக்குழுவிடம் போவது ஒரு கோப்பு மட்டுமே.

அனுப்புமுன் யாரிடம் காட்டுவது? மட்டக்களப்பில் இருப்பவருக்கு மூன்று வழி உண்டு: சொந்த சங்கீத ரீச்சரிடம் நேரில் காட்டலாம், முன்பின் பாட்டைக் கேட்டிராத ஒரு வித்துவானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஸூமில் நேரலையாகப் பாடிக் கருத்துக் கேட்கலாம். முகநூலில் போட்டால் வாழ்த்துத்தான் வரும், அதை விட்டுவிடுவோம். நான் இரண்டாவது வழியின் பக்கம்.

காரணம் ஒன்றுதான். தெரிவுக்குழுவின் காதில் விழப்போகும் அதே ஒலியைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ரீச்சருக்குக் குரல் பழக்கம், கிருதி அவரே சொல்லித் தந்தது. காணொளியில் சாகித்தியச் சொல் மங்கினாலும் அவர் மனம் அதை நிரப்பிக்கொள்ளும். அதோடு பாதியில் நிறுத்தி, “எங்க, இப்ப பாடிக் காட்டு” என்பார். அந்தக் கணமே கருத்து காணொளியை விட்டுப் பாட்டுக்குப் போய்விடும். பாட்டுக்கு அது நல்லது, ஆனால் அனுப்பப்போகும் கோப்பில் உள்ள பிழை அப்படியே இருக்கும்.

போனின் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது இன்னொரு கோளாறு. ஒரு கட்டைச் சுருதியின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, ஏறத்தாழ 130 ஹேர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தம்புராவின் அடி ஒலி எடுபடாது, மந்திர ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுரங்கள், மெலியும். சுருதி விலகினாலும் தெரியாது. யார் கேட்டாலும் வயர் உள்ள ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள்.

வெளியாருக்கு அனுப்பும்போதும் வழி பிசகலாம். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் போகும். கமகத்தின், அதாவது சுர அசைவின், நுணுக்கமும் தம்புராவும் மங்கினால் கேட்பவர் இல்லாத குறையைச் சொல்வார், இருப்பதை விடுவார். ‘டொக்யூமென்ட்’ ஆக இணைத்தால் மூலக் கோப்பு மாறாமல் போகும், 2 ஜிபி வரை இடமுண்டு. 1080பி பதிவு நிமிடத்துக்கு 100 எம்பியைத் தாண்டக்கூடும். டேட்டா இடித்தால் கருத்துக்கான பதிவை 720பியில் எடுங்கள், ஒலியின் தரம் அதனால் குறையாது. கல்லூரி யூடியூப் இணைப்புக் கேட்டிருந்தால், ‘அன்லிஸ்ட்டட்’ ஆக ஏற்றி அந்த இணைப்பையே வித்துவானுக்கும் கொடுங்கள்.

ஸூமில் நிலைமை இன்னும் மோசம். இடைவிடாமல் ஒலிக்கும் தம்புராவை அது இரைச்சல் என்று எடுத்து அமுக்கும். ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷியன்ஸ்’ என்பதை இயக்கினால் ஓரளவு சரியாகும். ஆனாலும் ஒலி பிந்தி வருவதால் அவர் அங்கிருந்து தாளம் போட்டு லயம் பார்க்க முடியாது. குரல் பதிவில் வந்த கருத்தை விளங்கிக்கொள்ளக் கதைப்பதற்கு மட்டும் ஸூமை வைத்துக்கொள்ளலாம்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். சுருதி எந்த நிமிடத்தில் விலகுகிறது, சரணத்திலும் கற்பனாஸ்வரத்திலும் (கற்பனையாகப் பாடும் சுரக்கோவை) காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கூடிப்போகிறதா, எந்தச் சொல் கேட்கவில்லை, தம்புரா குரலை மூடுகிறதா என்று கேளுங்கள். “2:40, மேல் ஷட்ஜம் தொடவில்லை” என்பதுபோல் நேரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். குரல் ஏறும்போது தம்புரா அமுங்கி, நிறுத்தியதும் பொங்குகிறது என்று அவர் சொன்னால் அது பாட்டின் பிழையல்ல, போன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிறது. பதிவு செய்யும் போனை ஒன்று, ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். தம்புரா செயலி இன்னொரு போனில், பாடுபவரின் பக்கவாட்டில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். மாரியில் தகரக் கூரையின் கீழும், வைகாசிச் சடங்குக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலும் பதிவு சரிவராது, விடியற்காலை பரவாயில்லை.

குறையைக் கண்டு சொல்ல வெளியார். திருத்தித் தர ரீச்சர்தான். தோடி காந்தாரத்தின் அசைவைக் குரல் பதிவில் கேட்டுத் திருத்துவது கடினம், எதிரே இருந்து பாட வேண்டும். வேறொருவருக்கு அனுப்பப் போவதை ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு காதில் விழுந்தால் மனம் நோகும். கருத்துக் கேட்பது இருவரோடு நிற்கட்டும். மூன்றாமவர் வந்தால் பாடாந்தரம், அதாவது குருவழி வந்த பாடும் முறை, பற்றிய பேச்சுத்தான் வளரும்.

வெட்டி ஒட்டாத ஒரே பதிவைக் கேட்கும் கல்லூரிகளே அதிகம். ஒரு சங்கதி (ஒரு வரியை மாற்றிப் பாடும் வகை) பிசகினாலும் உருப்படியை முழுதாகத் திரும்பப் பாட வேண்டும் என்பதால், முடிவுத் திகதிக்கு ஆகக்குறைந்தது மூன்று கிழமைக்கு முன் முதல் பதிவை அனுப்புங்கள். இதெல்லாம் வாய்ப்பாட்டை வைத்துச் சொன்னது. வயலினுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மிருதங்கத்தில் விரல் விழும் இடத்தைப் பார்த்தே திருத்த வேண்டியிருப்பதால், அங்கே ஆசிரியருக்கு நேரில் காட்டுவதையே முதலில் வைப்பேன்.