வோடர், வெக்னர், மொகென்சன்: மூன்று டேனிஷ் அலமாரிகளும் அவற்றின் கதவுகளும்

டென்மார்க்கில் 1950களில் உருவான தாழ்வான நீள அலமாரிகளைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் தேக்கின் நிறத்தில் தொடங்கி மெலிந்த கால்களின் ஒயிலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சைட்போர்டு எனப்படும் இந்த அலமாரி, உணவறையில் தட்டுகளையும் கரண்டிகளையும் மேசை விரிப்புகளையும் வைத்து, அன்றாடம் பலமுறை திறந்து மூடுவதற்காகவே செய்யப்பட்டது. ஆகவே அதன் கதவு எப்படித் திறக்கிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொண்டு, ஆர்னே வோடர், ஹான்ஸ் வெக்னர், போர்கே மொகென்சன் ஆகிய மூவரின் படைப்புகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

வோடர் (1926–2009), கட்டடக் கலைஞர் ஃபின் யூலிடம் பயின்றவர். 1950களின் பிற்பகுதியில் சிபாஸ்ட் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 29ஆம் எண் அலமாரி ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுடையது. அதன் கதவுகள் மேலும் கீழும் உள்ள காடிகளில், அதாவது மரத்தில் வெட்டிய நீளப் பள்ளங்களில், பக்கவாட்டில் நகர்கின்றன. பளிச்சென்று தெரியும் உலோகக் கைப்பிடி எதுவும் கிடையாது. கதவின் விளிம்பிலேயே மரம் வளைந்து உதடுபோல எழும்பி விரலுக்கு இடம் தருகிறது. முகப்பின் முழு அழகும் அந்த வளைவுகளின் நிழலில்தான் பிறக்கிறது. இழுப்பறைகளின் முகப்புக்கு வண்ணம் பூசும் துணிவில் யூலின் செல்வாக்கைக் காணலாம். கதவுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினால் முகப்பின் தோற்றமே மாறிவிடும் என்பது இதன் தனிச்சிறப்பு. குறை ஒன்று உண்டு: ஒரு கதவு மற்றொன்றின் மேல் நகர்ந்து நிற்பதால், அலமாரியின் உட்புறம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது வெக்னரின் (1914–2007) சுருள் கதவு. 1950களின் தொடக்கத்தில் வெக்னரின் படைப்புகளை விற்பதற்காக ஐந்து தொழிலகங்கள் சேல்ஸ்கோ என்ற பெயரில் ஒன்றுகூடின; நாற்காலி கார்ல் ஹான்சனுக்கும் மேசை ஆந்திரேயாஸ் டக்குக்கும் என்று பிரித்துக்கொண்டபோது, அலமாரிகள் ரூ மோப்லருக்கு வந்தன. அங்கே தயாரான ஆர்ஒய்26 என்ற சைட்போர்டில், ஒடுங்கிய மரப்பட்டைகள் கித்தான் துணியின்மேல் வரிசையாக ஒட்டப்பட்டு, வளைந்த காடியில் ஓடி உள்ளே மறைகின்றன. கதவைத் தள்ளியதும் அறைக்குள் எதுவும் நீட்டிக்கொள்ளாமல் உட்புறம் முழுமையாகத் திறந்துகொள்கிறது. இளம் வயதிலேயே பட்டறையில் தச்சுவேலை கற்றவரின் கை இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மறைந்து நிற்கும் கதவுக்கும் இடம் தேவை என்பதால் உள்ளளவு கொஞ்சம் குறைகிறது. துணியும் பசையும் மரத்தைப்போல நெடுங்காலம் உழைப்பதுமில்லை. பட்டை ஒன்று கழன்றால் வீட்டில் சரிசெய்வது கடினம். கதவு முழுவதையும் வெளியே எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புதிய துணியில் ஒட்டத் தெரிந்த தச்சர் வேண்டும்.

மொகென்சன் (1914–1972) தம் வடிவமைப்பைக் கதவிலிருந்து தொடங்கவில்லை. வீட்டுப் பொருள்களை அளந்த பிறகே அறைகலனுக்கு வடிவம் தர வேண்டும் என்று கற்பித்த கோரே கிளிண்டின் மாணவர் அவர். 1942 முதல் 1950 வரை டேனிஷ் கூட்டுறவு அமைப்பான எஃப்டிபியின் அறைகலன் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்து, எளிய குடும்பங்கள் வாங்கத்தக்க பொருள்களை உருவாக்கியவர். பின்னர் கிரேதே மேயரோடு சேர்ந்து, சட்டை, படுக்கை விரிப்பு, தட்டு, கரண்டி ஆகியவற்றின் அளவுகளைத் தொகுத்து, அவற்றுக்கேற்ற அகலமும் ஆழமும் கொண்ட போலிகன்ஸ் பிக்கெஸ்காபெ என்ற அலமாரித் தொகுதியை அமைத்தார். உட்புறத்தை இந்த அளவுக்குச் சிந்தித்த வேறொரு படைப்பை அக்காலத்தில் காண்பது அரிது. ஒரு சட்டைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்ட அந்தப் பொறுமைமீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. எனினும் சுவரை நிறைத்து நிற்பதற்காகவே எண்ணப்பட்ட தொகுதி என்பதால், வீடு மாறுபவருக்கு அது உகந்ததல்ல.

பொருளைப் பொறுத்தவரை, இவ்வகை அலமாரிகளில் அகன்ற பரப்புகள் பொதுவாக வெனீரால், அதாவது பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகட்டால், ஆனவை. கால்களும் விளிம்புகளுமே முழு மரம். இதைக் குறையென எண்ண வேண்டியதில்லை. இரண்டரை மீட்டர் நீள முழுப்பலகை, வடநாட்டுக் குளிர்காலத்தில் சூடாக்கப்பட்ட அறையின் வறண்ட காற்றில் சுருங்கிப் பிளக்கக்கூடும். ஆனால் தேக்குக்குப் பதிலாகப் பிரேசிலிய ரோஸ்வுட் வெனீர் கொண்ட அலமாரியை எல்லை கடந்து வாங்குபவர், அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதையும், உரிய அனுமதிச் சான்று இல்லாவிட்டால் சுங்கத்தில் சிக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் வோடரின் பக்கம் நிற்பேன். பலரும் அதை அழகுக்காக வாங்குகிறார்கள். எனக்கு முதன்மையாகத் தெரிவது அதன் எளிமை. கதவு இறுகினால் காடியில் சிறிது மெழுகு தேய்த்தால் போதும், தேவையானால் மேலே தூக்கிக் கழற்றிவிடலாம்; அதற்குக் கீலும் வேண்டாம், துணியும் வேண்டாம். சொந்த வீட்டில் நிலையாக இருந்து, கைதேர்ந்த தச்சரும் அருகில் கிடைப்பவராக இருந்தால், வெக்னரைத் தேர்வதில் தவறில்லை. எதை வாங்கினாலும், விலை பேசுவதற்கு முன் எல்லாக் கதவுகளையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்து, கீழ்க்காடியின் விளிம்பு எங்காவது தேய்ந்து மழுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவசியம்.